ரெண்டு பேர் இடிக்குது, மேடம்

டெஸ்பாட்ச் கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போயிருந்தார்.

காலை ஒன்பது ஐம்பது. மேஜை மேல் ரப்பர் ஸ்டாம்ப், மை பேடு, பாதி குடித்து ஆறிப்போன டீ. மூக்குக் கண்ணாடி மட்டும் தரையில் விழுந்து, ஒரு கால் உடைந்து கிடந்தது.

கழுத்தில் இரண்டு நாடா!

ஒன்றில் அவருடைய அடையாள அட்டை தொங்கியது. இன்னொன்று... தோலுக்குள் இறங்கி, பிடரிப் பக்கம் இறுக்கி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. இரண்டும் நீலம். இரண்டிலும் வெள்ளை எழுத்தில் அரசாங்கத்தின் புத்தம் புதிய பாதுகாப்பு அமைப்பின் பெயர்.

"நம்ம நாடாவாலயே நம்ம ஆளை..." என்று ஆரம்பித்தார் போலீஸிலிருந்து வந்த ஐ.ஜி. பெரிய மீசை.

அமைப்பின் இயக்குநர் குனிந்து, கீழே கிடந்த கண்ணாடியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

ஐம்பத்திரண்டு வயது. ஒரு பெரிய இடத்துக் கேஸ் கட்டைத் 'தொலைக்க' மாட்டேன் என்று சொன்னதற்குப் பரிசாக, ஆறு வருஷம் போலீஸ் ஆவணக் காப்பகத்தில் தூசி தட்டியவள். பத்தொன்பது நாள் முன்பு ஒரு காலையில், வீடு தேடி நியமன உத்தரவு வந்தது. நாட்டையே காப்பாற்றும் வேலை! ஏன் தன்னை என்று அவளுக்கே புரியவில்லை. கீழே வேலை பார்ப்பவர்களுக்கும் புரியவில்லை. அவள் முதுகு திரும்பினால் அவள் பெயர் 'ரெக்கார்டு ரூம்'.

"நேத்து சாயங்காலம் இவர் என் ரூமுக்கு வந்தார்" என்றாள். "பணிமூப்பு லிஸ்ட் முடிஞ்சிருச்சு, ஆனா ரெண்டு பேர் இடிக்குது மேடம்னார். யாருன்னு கேட்டேன். சொல்ல ஒரு மாதிரியா இருக்கு, ஊர்ஜிதம் பண்ணிட்டுக் காலையில சொல்றேன்னார்."

"லிஸ்ட் எங்க?" என்றார் மீசை.

"இழுப்பறை காலி."

"ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன், மேடம்" என்று பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல். "இவர் வீட்டுக்குத் தகவல் சொல்லணும். மலர் வளையம் வாங்கணும். முடிச்சிடலாம்."

நிர்வாகம் பார்ப்பவர். நாற்பது வயது, தேய்த்த சட்டை, சிரித்த முகம். மூடிப்போன இன்ஷூரன்ஸ் ஆபீஸாக இருந்த இந்தக் கட்டடத்துக்கு நாற்காலி கொண்டுவந்தது அவர். ஃபோன் இழுத்தது அவர். எல்லோருக்கும் பாஸ் அடித்துக் கழுத்தில் மாட்டியது அவர். எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான்... முடிச்சிடலாம். அதுவே அவர் பெயராகிவிட்டது.

கிளார்க்கின் மேஜை மேலிருந்த ஃபோன் அடித்தது.

பிணத்தைத் தாண்டிக் கை நீட்டி அவளே எடுத்தாள்.

"இன்னைக்கு மூணு மணி" என்றது ஒரு குரல். வைத்துவிட்டது.

இதற்கு முன் மூன்று முறை, மின் நிலையம் வெடித்த அன்று காலையில் இதே ஃபோன் வந்திருக்கிறது. அதே குரல். அதே மூன்று வார்த்தை.

முதல் மின் நிலையம் வெடித்தது இருபத்தைந்து நாள் முன்பு. நாலு நாள் கழித்து மந்திரி டி.வி.யில் தோன்றி இந்த அமைப்பை அறிவித்தார். இனி ஒரு பல்பு கூட அணையாது என்றார். அதற்கப்புறம் மட்டும் மூன்று நிலையங்கள் தூள். பதினான்கு பேர் சாவு. பாதி நாடு இருட்டில். ஆஸ்பத்திரிகளில் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.

மிச்சம் இருப்பது பதினொரு நிலையங்கள். அதில் பெரியது, மொத்த நாட்டுக்கும் கரண்ட் பிரித்து அனுப்பும் மெயின் ஸ்டேஷன்.

அதன் கன்ட்ரோல் ரூமில் ஷிஃப்ட் இன்ஜினியராக உட்கார்ந்திருப்பவன்... அவளுடைய ஒரே தம்பி.

* * *

நாடு இருட்டில் கிடக்கும்போது எவனாவது பணிமூப்புப் பட்டியல் தயாரிப்பானா?

தயாரிப்பான். அரசாங்கத்தில் வேலை பார்த்திருந்தால் உங்களுக்கே தெரியும்.

போலீஸ், ராணுவம், உளவுத்துறை, மின்வாரியம். நாலு இடத்திலிருந்து ஆளைப் பிடுங்கி ஒரே கூரையின் கீழ் போட்டிருந்தார்கள். இயக்குநரையும் சேர்த்து நாற்பத்திரண்டு பேர். முதல் நாளே சண்டை. குண்டைப் பற்றி அல்ல. மேடம் லீவில் போனால் அவர் நாற்காலியில் யார் உட்காருவது? மீசை, ராணுவத்திலிருந்து வந்த கர்னலைவிட மூன்று மாசம் மூத்தவர். கர்னலோ, ராணுவத்தில் ஒரு வருஷம் என்பது போலீஸில் ஒன்றரை வருஷத்துக்குச் சமம் என்றார். வாரக் கூட்டத்தில் பாதி நேரம் இதிலேயே போயிற்று. தலைவலி பொறுக்காமல், ஒரு பட்டியல் போட்டுத் தொலையுங்கள் என்று கிளார்க்கிடம் சொன்னவள் அவள்தான்.

போட்டார். தொலைந்தார்.

ரிட்டயர் ஆக இரண்டே மாசம் இருந்த மனிதர். தன்னிடமிருந்து போகும் துண்டுச் சீட்டுக்குக்கூட எண் போடாமல் விடமாட்டார். மத்தவர்கள் கிண்டல் செய்வார்கள். அவளுக்கு மட்டும் அவரைப் பிடிக்கும். அவளும் அதே ஜாதி... ரிஜிஸ்டர் ஜாதி.

எண் போடாமல் விடமாட்டார்!

டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரை இழுத்துப் புரட்டினாள். நேற்றைய தேதி. கடைசியாக நாலு கடிதங்கள். போலீஸ், ராணுவம், உளவுத்துறை, மின்வாரியம், நாலு தலைமை அலுவலகங்களுக்கும் ஒவ்வொன்று. பொருள்: பணிமூப்புப் பட்டியல், இருவர் குறித்து விவரம் கோருதல். ஆள் மூலம் நேரில் அனுப்பப்பட்டது, மாலை ஐந்து மணி.

பட்டியலைத் திருடியவன் ரிஜிஸ்டரைத் திறந்து பார்க்கவில்லை. டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரை யார்தான் பார்க்கிறார்கள்?

"எல்லாப் பிரிவுத் தலைவரையும் மீட்டிங் ரூமுக்கு வரச்சொல்லுங்க. அஞ்சு நிமிஷம் போதும்" என்றாள்.

* * *

"மூணு மணிக்கு எங்க வைக்கப் போறான்னு தெரியல. இப்ப என்ன மீட்டிங்?" என்றார் கர்னல். நரைத்த தலை, உருட்டுக்கட்டை மாதிரி கை.

"ஒரே ஒரு கேள்வி. கிளார்க்கோட லிஸ்ட் காணோம். புதுசா போடணும். நீங்க எல்லாம் எந்த வருஷம் சர்வீஸ்ல சேர்ந்தீங்க?"

அவ்வளவுதான். பற்றிக்கொண்டது.

"நான் ஏற்கனவே எழுதிக் கொடுத்தாச்சு. ட்ரெய்னிங்ல சேர்ந்த தேதியத்தான் எடுத்துக்கணும்" என்றார் மீசை.

"அப்ப நான் ட்ரெய்னிங்ல கால் உடைஞ்சு படுத்திருந்த ஆறு மாசத்தையும் சேர்க்கணும்" என்றார் கர்னல்.

"எங்க டிபார்ட்மென்ட்ல தேதிய வெளிய சொல்ற வழக்கம் இல்லை" என்றார் உளவுத்துறைக்காரர். "ஆனா இவங்க ரெண்டு பேருக்கும் மேலதான் என் பேரு வரணும்."

மின்வாரியப் பெண் அதிகாரி பையிலிருந்து ஒரு ஃபைலையே எடுத்தாள். "கோர்ட் ஆர்டர் இருக்கு மேடம். ஏழு வருஷம் கேஸ் நடத்தி வாங்கினது."

பக்கத்து அறையில் பிணம் இருக்கிறது. மூன்று மணிக்குக் குண்டு வெடிக்கப் போகிறது. மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார்கள், மனுஷர்கள்!

அவள் கடைசி நாற்காலியைப் பார்த்தாள்.

"நீங்க?"

முடிச்சிடலாம் புன்னகைத்தார். "எனக்கென்ன, மேடம். யாருக்குப் பின்னாடியாவது போட்டுக்கோங்க. வேலைதானே முக்கியம்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். என்ன பெருந்தன்மை!

அவள் மட்டும் தலையாட்டவில்லை. ஆறு வருஷத்தில் பத்தாயிரம் சர்வீஸ் புத்தகம் படித்தவள். சாகக் கிடக்கும்போதும் ஜூனியரைத் தனக்கு மேலே போட்டதாகப் புகார் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறாள். யாருக்குப் பின்னாடியாவது போட்டுக்கோங்க என்று சொன்ன ஒரு அரசு ஊழியரை... இதுவரை பார்த்ததில்லை.

மெல்லக் கண்ணை இறக்கினாள்.

எல்லோர் கழுத்திலும் நாடா. பத்தொன்பது நாள் வேர்வை பட்டு வெளிறி, ஓரம் பிசிறடித்த நாடா.

அவர் கழுத்தில் மட்டும் மடிப்புக் கலையாத புது நாடா.

* * *

கதவைச் சாத்திக்கொண்டு ஃபோன் எடுத்தாள். பாதி நாடு இருட்டில் கிடந்ததால் ஒவ்வொரு லைன் கிடைக்கவும் அரை மணிக்கு மேல் ஆனது. முதலில் போலீஸ் தலைமை அலுவலகம்.

"எங்க நிர்வாக அதிகாரி உங்க ஆள்தானே?"

"யாரு, அந்த முடிச்சிடலாமா? அவர் ராணுவமாச்சே, மேடம். நடையைப் பார்த்தாலே தெரியுமே."

ராணுவத் தலைமையகம். "எங்க ஆளா? சேச்சே. அவ்வளவு பவ்யமா எங்க ஆட்கள் பேசமாட்டாங்க. உளவுத்துறை."

உளவுத்துறை. "எங்க ஆள்னு சொல்றதும் இல்லை, இல்லைன்னு சொல்றதும் இல்லை. அது எங்க கொள்கை."

"ஒரு கொலை நடந்திருக்கு, சார்."

"எங்க ஆள் இல்லை. மின்வாரியம்னு நினைச்சோம்."

மின்வாரியம். "போலீஸ்காரர்னு இல்ல நாங்க நினைச்சோம்! நேத்தே உங்க கிளார்க் இதையேதான் கேட்டு லெட்டர் அனுப்பியிருந்தார். ரெண்டு பேரைப் பத்தி. முதல் பேரு இவர்."

"ரெண்டாவது?"

"அடுத்த பக்கத்துல இருந்துச்சு. நான் திருப்பலை. எதுக்கு வம்புன்னு மந்திரி ஆபீஸுக்கே அனுப்பிட்டேன்."

ரிசீவரை வைத்தாள்.

ஒரு வட்டம் முழுசாகச் சுற்றியாயிற்று. அந்த ஆளை யாருமே அனுப்பவில்லை. முதல் நாள் காலையில் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார். நாலு துறையும் அவரை மற்ற மூன்றில் ஒன்று என்று நினைத்துக்கொண்டது. அவரே பாஸ் அடித்தார். தனக்கும் ஒன்று அடித்துக்கொண்டார்.

இனி இவருக்கு 'அவர்' எதற்கு? அவன்.

முதல் நாள் ஞாபகம் வந்தது. அவன் ஒரு கட்டு வெற்றுப் பாஸ்களைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தான். ஆய்வுக் குழுக்கள் ஸ்டேஷன்களுக்குப் போகணும் மேடம், அவசரம், கையெழுத்து மட்டும் போட்டுடுங்க, மத்ததை நான் நிரப்பிக்கறேன்... முடிச்சிடலாம். நாற்பது பாஸ். நாற்பதிலும் கையெழுத்துப் போட்டாள். அதில் எத்தனை எங்கே போயிற்று என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ரிஜிஸ்டர் ஜாதியாம், ரிஜிஸ்டர் ஜாதி!

அதற்கப்புறம் வெடித்த மூன்று ஸ்டேஷனின் கேட்டையும் எது திறந்துவிட்டிருக்கும் என்று இப்போது புரிந்தது.

அவளுடைய கையெழுத்து. பதினான்கு பேர்.

அழ நேரமில்லை. மணி ஒன்று இருபது.

மிச்சமிருக்கும் ஸ்டேஷன்களுக்கு நேரடி லைனில் ஒவ்வொன்றாக ஃபோன் போட்டாள். இன்னைக்கு எங்க ஆபீஸ்ல இருந்து யாராவது வந்தாங்களா? இல்லை மேடம். இல்லை. யாரும் வரலை. பத்து ஸ்டேஷன் இல்லை என்றது.

மெயின் ஸ்டேஷனைக் கடைசியில் வைத்திருந்தாள். அந்த நம்பரைப் போட விரல் வரவில்லை.

போட்டாள்.

"என்ன பெரிய ஆபீசர், தம்பி ஞாபகம் வந்துச்சா?" என்றான் தம்பி. தூக்கமில்லாத குரல். "நாலு நாளா இதே நாற்காலி. முதுகு போச்சு."

"டேய், இன்னைக்கு எங்க ஆளுங்க யாராவது வந்தாங்களா?"

"காலையில ரெண்டு பேர் வந்தாங்களே. உன் கையெழுத்து போட்ட பாஸ். அக்கா அனுப்பிச்ச ஆளுன்னு நானே கேட்டுக்கு ஃபோன் பண்ணி உள்ள விடச் சொன்னேன். பாதுகாப்புப் பெட்டின்னு ஒண்ணைப் பேனலுக்குக் கீழ வச்சிட்டுப் போனாங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா? என்னாச்சு?"

"அது குண்டுடா."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம்.

"தொடாத. எழுந்து வெளிய போ."

"போக முடியாதுக்கா. நாலு ஸ்டேஷன் போனதுல ஆட்டோமேட்டிக் எல்லாம் செத்துப்போச்சு. ஒருத்தன் உட்கார்ந்து கையாலதான் லோடைப் பிரிச்சு விடணும். நான் எழுந்த அடுத்த நிமிஷம் எல்லா ஆஸ்பத்திரியும் ஆஃப். மத்தவங்களை அனுப்பிடறேன். நான் இருக்கேன்."

"உன் அக்கா சொல்றேன்டா."

"உன் தம்பி சொல்றேன். நீ பாத்தியே ஒரு கேஸ் கட்டு, அதைத் தொலைக்கச் சொன்னப்ப நீ எழுந்து போனியா?"

அவள் ரிசீவரை வைத்தாள்.

வெடிகுண்டுப் பிரிவு நிபுணருக்கு ஃபோன் போட்டாள். அவர் யோசித்து யோசித்துப் பேசினார். "தூக்கினா வெடிக்கலாம், மேடம். தூக்காம பிரிச்சாலும் வெடிக்கலாம். உள்ள எப்படிக் கட்டியிருக்கான்னு படிச்சுப் பார்க்க ரெண்டு மணி நேரமாவது வேணும். சீக்கிரம் தெரியணும்னா... வச்சவனைத்தான் கேக்கணும்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

வச்சவன் மலர் வளையத்துக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தான்.

* * *

"ஒரு விசிட் போகணும். கூட வாங்க" என்றாள்.

"நானா மேடம்? கிளார்க் வீட்டுக்கு..."

"வந்து பார்த்துக்கலாம். ஒரு மணி நேர வேலை."

கர்னல் காரை ஓட்டினார். விஷயத்தை அவருக்கு மட்டும் சொல்லியிருந்தாள். பட்டியலில் அவருக்கு எந்த இடம் என்று தெரியாது, ஆனால் பட்டியலில் இருக்கிறார். அது போதும்.

சிக்னல் எல்லாம் அணைந்து கிடந்தது. ஒவ்வொரு நாற்சந்தியிலும் வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. ஷட்டர் இறக்கிய கடைகள். ஒரு ஆஸ்பத்திரி வாசலில் ஒருவன் கேனில் டீசல் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"எங்க மேடம் போறோம்?" என்றான், இரண்டு மணி ஐந்துக்கு.

"மெயின் கன்ட்ரோல் ஸ்டேஷன்."

அவன் ஒரு வினாடிதான் தாமதித்தான். "அங்கதான் பாதுகாப்பு பலமா இருக்கே. வேற எங்கயாவது போனா உபயோகமா இருக்கும்."

"என் தம்பியைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

அதற்கப்புறம் அவன் வாட்சை நாலு தடவை பார்த்தான். அவளும் எண்ணிக்கொண்டுதான் வந்தாள்.

* * *

கன்ட்ரோல் ரூம். இரண்டு நாற்பது.

தம்பி திரும்பிப் பார்க்காமலே "வா" என்றான். கண் மீட்டர்கள் மேல். இரண்டு கையும் பேனலில். தாடி வளர்ந்திருந்தது. அவன் காலுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் பெட்டி. அதன் மேல் ஸ்டிக்கர்: பாதுகாப்பு அமைப்பு. தொடாதீர்கள்.

அவள் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"உட்காருங்க."

வெளியே கர்னல் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது.

"மேடம், இது என்ன..."

"சின்ன மீட்டிங். மூணு மணி வரைக்கும்."

அவன் உட்காரவில்லை. கதவைப் போய் இழுத்தான். வரவில்லை. திரும்பியபோது அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை.

"நீங்க எந்த வருஷம் சர்வீஸ்ல சேர்ந்தீங்க?" என்று கேட்டாள். "காலையில கேட்டேன். பதில் வரல."

மின்விசிறி க்ரீச்... க்ரீச்... என்று சுற்றியது.

"நான் சர்வீஸ்லயே சேரல" என்றான் மெதுவாக. "பதினஞ்சு வருஷம் செக்ரடேரியட்ல கான்ட்ராக்ட். பாஸ் அடிக்கிற வேலை. எத்தனை மந்திரி, எத்தனை செயலாளர். அத்தனை பேர் கழுத்துலயும் மாட்டினது நான். ஒருத்தன் என் பேரைக் கேட்டதில்லை. ஒரு நாள் மெஷின் வாங்கிட்டாங்க, நாளையிலிருந்து வராதேன்னுட்டாங்க. அப்புறம் வெளியிலிருந்து ஒருத்தன் வந்தான். பேரைக் கேட்டான். உனக்கு எந்தக் கதவெல்லாம் திறக்கத் தெரியும்னு கேட்டான்."

"அதுக்காகப் பதினாலு பேரா?"

"உங்க கையெழுத்து, மேடம்."

"தெரியும். சாகற வரைக்கும் எனக்கு மறக்காது. கிளார்க் என்ன பண்ணினார்?"

"அவர்தான் முதல் தடவையா என் பேரை முழுசாக் கேட்டார். நான் எதிர்பார்த்த நேரத்துல கேக்கல."

இரண்டு நாற்பத்தெட்டு.

அவன் சட்டை நனைந்திருந்தது. "உங்க தம்பியும் செத்துருவான்."

"ஆமா."

"நீங்களும்."

"ஆமா. நானும் இங்கதான் இருக்கேன்." அவளுக்குப் பயமாக இருந்தது. அது தெரியாமலிருக்கக் கைப்பையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். "டேய், உனக்குப் பயமா இருக்காடா?"

"எனக்கு இப்ப லோடு ஏறுதுக்கா. அப்புறம் பயப்படறேன்."

இரண்டு ஐம்பத்திரண்டு.

முடிச்சிடலாம் ஜன்னலைப் பார்த்தான். கம்பி. கதவைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டான்.

"கர்னல் திறப்பாரா?"

"நான் சொன்னாத் திறப்பார்."

"சொல்லுங்க."

"முதல்ல பெட்டி."

இரண்டு ஐம்பத்தைந்து. அவன் சுவரோரம் குந்தி உட்கார்ந்தான். முகம் வெளிறிவிட்டது. தம்பி ஒரு குமிழைத் திருப்பினான். எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் நிற்காமல் ஓடியது.

"தூக்கிடாதீங்க!" என்று அலறினான், தம்பியின் கால் லேசாக நகர்ந்ததற்கே. "தூக்கினா வெடிக்கும். அடியில... பின்பக்க ஓரத்துல சாவி போடுற துவாரம் இருக்கு. இடது பக்கமா ரெண்டு தடவை."

"சாவி?"

அவன் புது நாடாவைத் தலைக்கு மேல் கழற்றினான். அடையாள அட்டையைத் திருப்பினான். அட்டைக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறைக்குள்... ஒரு சின்னச் சாவி.

அவள் தரையில் மண்டியிட்டாள். துவாரத்தைக் கை தேடிற்று. கிடைத்தது. ஒரு தடவை... இரண்டு தடவை.

உள்ளே ஏதோ 'டிக்' என்று அடங்கியது.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி. மூன்று ஒன்று. மின்விசிறி அதே க்ரீச் சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது.

தம்பி ஒரு கையைப் பேனலிலிருந்து எடுத்து, பார்க்காமலே, தரையில் உட்கார்ந்திருந்த அக்காவின் தலை மேல் வைத்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

* * *

கர்னல் உள்ளே வந்து விலங்கு மாட்டினார். கூடவே நிபுணர்கள் பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். காலையில் வந்த இரண்டு பேரையும், கர்னல் வெளியிலிருந்து சொல்லி அனுப்பியதில், மீசையின் ஆட்கள் நாலு தெரு தள்ளி வேனோடு பிடித்துவிட்டதாகத் தகவல் வந்தது. அதில் ஒருவன்தான் ஃபோன் குரல்.

முடிச்சிடலாம் விலங்கைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

சிரித்தான்!

"எந்த அதிகாரத்துல, மேடம்?"

"என்ன?"

"என்னைக் கைது பண்றீங்களே, எந்த அதிகாரத்துல?"

"இந்த அமைப்போட இயக்குநர்ங்கிற அதிகாரத்துல."

"உங்க நியமன உத்தரவை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தது யாரு?"

அன்று காலை வாசலில் தேய்த்த சட்டையோடு நின்று முதல் ஆளாக வணக்கம் சொன்னவன்... இவன்தான்.

"மந்திரி டி.வி.ல அமைப்பை அறிவிச்சார். தலைவர் யாருன்னு நாலு டிபார்ட்மென்ட்டும் அடிச்சுக்கிட்டாங்க. அந்த ஃபைல் இன்னைய வரைக்கும் யார் மேஜையிலயோ தூங்குது. காலி நாற்காலி இருந்தா எனக்கு வேலை நடக்காது. நானே ஒரு உத்தரவு அடிச்சேன். நாலு பேரும் மத்த மூணு பேர்ல ஒருத்தர் போட்டிருப்பார்னு நினைச்சுட்டாங்க. மந்திரி, கீழ இருக்கிறவங்க போட்டிருப்பாங்கன்னு நினைச்சார்."

கர்னலின் வாய் திறந்தபடி நின்றது.

"ஏன் என்னை?" என்றாள் மெதுவாக. பத்தொன்பது நாளாக அவளைக் குடைந்த அதே கேள்வி.

"இந்த ரூம்ல உட்கார்ந்திருக்கிறவனோட அக்கா கையெழுத்துன்னா, கேள்வி கேக்காம உள்ள விடுவான். அதோட..." அவன் குரலில் அசடு வழிந்தது. "ரெக்கார்டு ரூம்ல தூசி தட்டற பொம்பளைக்கு என்ன தெரியப் போகுதுன்னு நினைச்சேன்."

ரெண்டு பேர் இடிக்குது, மேடம். சொல்ல ஒரு மாதிரியா இருக்கு...

இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பாவம் அந்த மனிதர். அவளிடமே எப்படிச் சொல்வார்?

கழுத்திலிருந்த தன் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பாஸ் எண் ஒன்று. அவன் அடித்தது.

தம்பியின் மேஜையில் ஃபோன் அடித்தது. அவன் எடுத்தான், கேட்டான், ரிசீவரை அவளிடம் நீட்டினான். "மந்திரி."

"பிரமாதம்மா" என்றது மந்திரியின் குரல். "எல்லா டி.வி.லயும் சொல்லிட்டேன். நாடே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு." ஒரு சின்ன இருமல். தாள் புரளும் சத்தம். "ஆனா... உங்க கிளார்க் எழுதின லெட்டர் ஒண்ணு இங்க வந்திருக்கு. ரெண்டாவது பக்கத்துல உங்க பேரு. காலையிலிருந்து எல்லா ஃபைலையும் தேடிட்டோம். உங்களை யாருமே போட்ட மாதிரி தெரியலையே. உங்களை நியமிச்சது யாரும்மா?"

அவள் சுவரோரம் விலங்கோடு நின்றவனை ஒரு முறை பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரை இப்பத்தான் சார் கைது பண்ணினேன்."